எலி சாகவில்லை

எனக்குப் பத்து வயது இருக்கும். கோடை விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கால்வாயை ஒட்டிய ஊர். நாலைந்து நாளைக்கு முன்னால் ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அடுக்களையிலிருந்து ஆச்சி சத்தம் போட்டாள்: "ஏட்டி, எங்கியோ எலி செத்துக் கெடக்கு. நாத்தம் கொடலப் பொரட்டுது. என்னான்னு பாருங்க."

பார்த்தோம். அரங்கு வீட்டில் இருந்த நெல் மூட்டைகளை நகர்த்தினோம். பத்தாயத்துக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினோம். மச்சில் கிடந்த பித்தளைப் பானைகளை மாமா ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். எலி இல்லை. நாற்றம் மட்டும் காற்று திரும்பும்போதெல்லாம் உள்ளே வந்து, நின்று, போனது. ராத்திரிச் சோறு யாருக்கும் இறங்கவில்லை.

கடைசியில் தாத்தா டார்ச்சை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனார். நானும் பின்னால் ஒட்டிக்கொண்டேன். வாழைமூட்டுக்கு அந்தப் பக்கம் மண்ணைப் பிளந்துகொண்டு ஒன்று நின்றது. கசங்கிய பட்டுத்துணியை விரித்துவிட்ட மாதிரி கருஞ்சிவப்பில் ஒரு மடல். நடுவில் மூளையைப் போலச் சுருண்ட ஓர் உருண்டை. இலையும் இல்லை, தண்டும் இல்லை. மடலுக்குள் வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. குனிந்து பார்த்த நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். தாத்தா சிரித்தார். "சேனை பூத்திருக்குல்லா."

பொங்கலுக்குக் கிழங்கு வெட்டும்போது விதைக்கு ஆகுமே என்று ஒன்றை மண்ணிலேயே விட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பொங்கலில் சேனையும் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் இல்லாமல் இலை நிறையாது. ஆனால் சேனை பூத்துப் பார்த்தவர்கள் குறைவு. பூக்கும் அளவுக்குக் கிழங்கைப் பெருக்கவிடாமல் நாம்தான் வெட்டித் தின்றுவிடுகிறோமே.

எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான் அந்த ராத்திரிக்கு விடை கிடைத்தது. சேனைப் பூ காற்றில் விடுவது டைமெத்தில் டைசல்ஃபைடும் டைமெத்தில் ட்ரைசல்ஃபைடும். பெயர்தான் நீளம், சங்கதி எளிது: ஒன்றில் இரண்டு கந்தக அணு, மற்றதில் மூன்று, இரண்டு முனையிலும் ஆளுக்கொரு மெத்தில், அதாவது மூன்று ஹைட்ரஜன் ஒட்டிய ஒரு கார்பன். இறைச்சி அழுகும்போது பாக்டீரியாக்கள் புரதத்திலுள்ள மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலத்தை உடைக்கின்றன. அதில் வரும் மெத்தில் தயோல் காற்றோடு சேர்ந்து இதே இரண்டாகவும் மாறுகிறது. சேனை, பிணம் ஏதும் இல்லாமலே அந்தச் சரக்கைத் தானே தயாரித்துக்கொள்கிறது. போதாததற்குப் பூவின் நடுத்தண்டைச் சூடாக்கி, நாற்றத்தை ஆவியாக்கி அனுப்புகிறது. பிணம் தேடும் வண்டுகள் ஏமாந்து வந்து, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெறுங்கையோடு போகின்றன.

ஆக, எலி சாகவில்லை. ஆனால் செத்த எலியின் நாற்றம் அங்கே உண்மையாகவே இருந்தது. ஆச்சியின் மூக்கு தப்பாகச் சொல்லவில்லை; அது கந்தகத்தைச் சரியாகத்தான் பிடித்தது. எலியைச் சேர்த்தது நாங்கள்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடம் நடத்தியே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. இன்றும் நாற்றங்களைப் பற்றி யோசித்தால் அந்த இல்லாத எலியில் வந்துதான் நிற்கிறேன். 'நாற்றம்' என்ற சொல்லுக்கே அந்த கதிதான். பழைய பாட்டுகளில் பூ நாறும், சந்தனம் நாறும். நாற்றம் என்றால் மணம். இன்று யாரிடமாவது "உங்க வீட்டுப் பூ நல்லா நாறுது" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் வாடைகளுக்குப் பெயர் வைத்திருப்பதைப் பார்த்தால், ஆய்வகத்தில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டியது மாதிரி இருக்கும். குழம்பு ஊசிப்போகும், எண்ணெய் ஊசாது. எண்ணெய்க்குச் சிக்கு வாடைதான் வரும். மீனுக்குக் கவிச்சி. ஆட்டுக்கு மொச்சை. வேர்த்த துணிக்கு முடை. ஒன்றுக்கு உள்ளதை இன்னொன்றுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஏறக்குறைய ஒரு தனி மூலக்கூறுக் குடும்பமே இருக்கிறது. கவிச்சியில் அமீன்கள் என்ற நைட்ரஜன் சேர்மங்கள். சிக்கு வாடையில், கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து உடைந்து வரும் ஆல்டிஹைடுகள். நல்லெண்ணெய் மட்டும் ஏன் வருஷக்கணக்கில் சிக்குப் பிடிக்காமல் நிற்கிறது என்றால், எள்ளில் உள்ள செசமால் போன்ற பொருள்கள் அந்த ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன. மொச்சைக்குப் பின்னால் கிளைவிட்ட கொழுப்பு அமிலங்கள். கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடா தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் தெரிகிறதே, அது பெரும்பாலும் 4-எத்தில் ஆக்டனோயிக் அமிலம். காயடித்த கிடாவுக்கு அந்த வாடை குறைவு. வேதியியலாளர்களும் இந்த விஷயத்தில் நம் ஆச்சிமார்தான்: கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்று மூன்று அமிலங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் வேர் 'கேப்ரா', லத்தீனில் ஆடு.

கருவாட்டுக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளும்.

என் அத்தை மணப்பாட்டில் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தாள். கல்லூரி லீவில் அவளிடம் போனால் திரும்பும்போது ஓலைப்பெட்டி நிறைய வாளைக் கருவாடும் நெத்திலியும் கட்டித் தருவாள். ஒருதடவை அவளும் கூட வந்தாள். திருச்செந்தூரில் பஸ் ஏறினோம். ஆறுமுகநேரி தாண்டுவதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். "யக்கா, கருவாடா? பொட்டிய எடுத்துக்கிட்டு பின்படிக்குப் போங்க. ஆளுக கத்துதாவ." அத்தை ஒன்றும் பேசவில்லை. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை வரைக்கும் படியிலேயே நின்று வந்தாள். நானும் நின்றேன். ஆனால் பெட்டி என்னுடையது இல்லை என்பதுபோல இரண்டு அடி தள்ளி நின்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் நடந்தது இது. கடல்மீனின் சதையில் ட்ரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்று ஒன்று உண்டு. அதற்கு வாடை கிடையாது. உப்புநீரில் வாழும் உடம்புக்கு அது ஒரு காப்பு. ஆழ்கடலின் அழுத்தத்தில் புரதங்கள் உருக்குலையாமல் தாங்கிப் பிடிப்பதும் அதுதான். ஆழம் கூடக் கூட மீனில் அதன் அளவும் கூடும். மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது ட்ரைமெத்தில் அமீன். அதன் கொதிநிலை 3 டிகிரி செல்சியஸ். நம் ஊர் வெயிலில் அது எப்படி அடங்கிக் கிடக்கும்? கிளம்பி மூக்குக்குத்தான் வரும். உப்பும் வெயிலும் பாக்டீரியாவின் கையைக் கட்டிப்போடுகின்றன. அதனால்தான் கருவாடு அழுகுவதில்லை. ஆனால் கட்டுவதற்கு முன் நடந்த வேலை நடந்ததுதான்.

இனி அடுக்களை. அமீன் என்பது வேதியியல் சொல்லும் காரம், மிளகாய்க் காரம் இல்லை. காரத்தோடு அமிலம் சேர்ந்தால் உப்பு. உப்பு ஆவியாகாது; ஆவியாகாதது மூக்குக்கு வராது. கருவாட்டுக் குழம்பில் புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றுவதும், மாங்காய்க் காலத்தில் மாங்காயைக் கீறிப் போடுவதும் ருசிக்கு மட்டும் இல்லை. புளியின் டார்டாரிக் அமிலம் அந்த அமீனைப் பிடித்துக் குழம்புக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறது. மீன் அலசிய கையை அத்தை சோப்புப் போட்டுக் கழுவவிட மாட்டாள். "சோப்புப் போட்டா இன்னும் நாறும்ட்டி" என்று புளிச்சக்கையைக் கையில் திணிப்பாள். சோப்பு காரத்தன்மை உள்ளது. பிடித்து வைத்த அமீனைத் திரும்ப அவிழ்த்துவிடும். அத்தை எட்டாம் வகுப்புதான் படித்தவள். அமில-கார வினைக்கு நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் உதாரணம் அந்தப் புளிச்சக்கைதான்.

திருக்கைக் கருவாட்டுக்கும் சுறாவுக்கும் கணக்கு வேறு. அவை உடம்பில் யூரியாவைச் சேர்த்து வைக்கும் இனம், சதையில் இரண்டு சதவீதம் வரைகூட இருக்கும். செத்ததும் அது அம்மோனியா ஆகிறது. கண் கரிக்கும், மூக்கு அரிக்கும். சுறாவை அவித்து, தோலை உரித்து, ஒட்டப் பிழிந்து, பிறகு புட்டுச் செய்வதற்குக் காரணம் அதுதான்: யூரியா தண்ணீரில் கரையும், பிழிந்த தண்ணீரோடு போய்விடும். பிள்ளை பெற்றவளுக்கு அந்தப் புட்டைத்தான் ஊட்டுகிறோம்.

ஆற்று மீனும் குளத்து மீனும் இந்தக் கவிச்சி அடிக்காது, அவற்றுக்கு அந்த ஆக்சைடு தேவைப்படுவதில்லை. அவற்றின் குறை சேற்று வாடை. ஆச்சி விராலைக் கல்லுப்பும் சாம்பலும் போட்டு உரசு உரசு என்று உரசுவாள். சேற்று வாடைக்குப் பெரும்பாலும் காரணம் ஜியோஸ்மின். மண்ணிலும் குளத்துப் பாசியிலும் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். முதல் மழையில் எழும் மண்வாசனையிலும் முக்கியமான பங்கு இதே ஜியோஸ்மினுக்குத்தான். மழையில் வந்தால் கண்ணை மூடி இழுக்கிறோம். மீனில் வந்தால் தட்டைத் தள்ளுகிறோம்.

பஸ்ஸுக்குத் திரும்புகிறேன். படிக்குப் பக்கத்துச் சீட்டில் ஒரு அம்மா, தலையில் முந்தின நாள் பிச்சிப்பூ. வாடி, பழுப்பேறி, ஜன்னல் காற்றில் அந்த வாடை எங்கள்மேல்தான் வீசியது. அதைப் பற்றி யாரும் கண்டக்டரிடம் கத்தவில்லை. பிச்சி, மல்லி இரண்டின் மணத்திலும் இன்டோல் என்ற மூலக்கூறு இருக்கிறது. தனியே செறிவாக முகர்ந்தால் மலத்தை நினைவூட்டும் சரக்கு. மலத்திலேயே அது இருக்கவும் செய்கிறது. அதன் பங்காளி ஸ்கடோல். 1877இல் லுட்விக் ப்ரீகர் என்ற ஜெர்மன் மருத்துவர் மனித மலத்திலிருந்து பிரித்தெடுத்தது. அதே மனிதர்தான் 1885இல் அழுகும் சதையிலிருந்து புட்ரெசின், கடாவரின் இரண்டையும் கண்டு பெயர் வைத்தார். அவர் வீட்டில் எப்படிச் சாப்பிட்டார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஸ்கடோலைத் துளியிலும் துளியாக நீர்த்தால் பூவாசம் வரும். வாசனைத் திரவியக்காரர்கள் அதைச் சேர்ப்பதும் உண்டு. சங்கரன்கோவில் பூச்சந்தையில் காலையில் ஒரு கூடைக்குள் முகத்தை வைத்து இழுக்கிறோமே, அந்த மணத்தில் ஆழம் என்று தோன்றுவதில் கொஞ்சம் இன்டோலின் வேலை. அதை எடுத்துவிட்டால் பிச்சி வெறும் சோப்பு வாசனையாகிவிடும்.

2020இல் ஐஸ்லாந்தில் ஓர் ஆய்வு வந்தது. மீன் வாடையை உணரும் ஏற்பி மரபணு ஒன்றில் மாற்றம் உள்ள சிலருக்கு ட்ரைமெத்தில் அமீன் நாறவே இல்லை. சிலர் அதைக் கேரமல் என்றும் உருளைக்கிழங்கு என்றும் ரோஜா என்றும்கூடச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கண்டக்டருக்கு அப்படி ஒரு மரபணு வாய்த்திருந்தால் அத்தைக்கு உட்கார இடம் கிடைத்திருக்கும்.

கல்யாணமாகிப் பாளையங்கோட்டையில் வீடு தேடியபோது பாதிக் கதவுகளில் 'சைவம் மட்டும்' என்று எழுதியிருந்தது. ஒன்றும் எழுதாத வீடாகப் பார்த்துக் குடியேறினோம். இரண்டாம் மாசம் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். வாடை கீழ வருது." காலி செய்தோம். சாவி கொடுக்கப் போன அன்று அவர் வீட்டு வாசலில் நின்றால், உள்ளே தாளித்த பெருங்காயம் தெரு வரைக்கும் வந்து வரவேற்றது. பெருங்காயம் ஃபெரூலா என்ற செடியின் வேர்ப்பால். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவது. இந்தியாவில் அதைப் பயிரிட இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் கன்றை நட்டதே 2020 அக்டோபரில்தான். அதன் வாடை முழுக்கக் கந்தகச் சேர்மங்கள். வெங்காயம், பூண்டின் சொந்தக்காரர்கள். சேனைப்பூவின் டைசல்ஃபைடுக்கும் கிட்டத்து உறவு. ஜெர்மன்காரர்கள் அதைப் 'பிசாசின் சாணம்' என்கிறார்கள். பூண்டு ஆகாது என்கிற அடுக்களைகளில் பூண்டின் வேலையைச் செய்வது அதுதான். எனக்கு அவர்மேல் கோபம்தான், பெருங்காயத்தின்மேல் இல்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தில் அது இல்லாவிட்டால் அப்பளமா?

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். நடுவே முள்முள்ளாகத் துரியன். "குழந்தை இல்லாதவங்க சாப்பிடணும்" என்று விற்கிறார்கள், விலையும் அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடிதான். அதற்கு வேதியியலில் ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் வாடை விஷயத்தில் துரியனை ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்குழு துப்புரவாக ஆராய்ந்திருக்கிறது. அத்தனை மணப்பொருள்களில் இரண்டே இரண்டைக் கலந்தால் போதும், துரியன் வாடை வந்துவிடுகிறது என்று 2017இல் காட்டினார்கள். ஒன்று பழவாசனை உள்ள எஸ்டர். மற்றது வதக்கிய வெங்காயம் போன்ற ஒரு கந்தகச் சேர்மம். அதே ஆண்டு வெளியான மரபணு வரைபடத்தில் மெத்தியோனினை உடைத்துக் கந்தக வாயுக்களை உண்டாக்கும் நொதிக்கான மரபணு துரியனில் பல பிரதிகளாகப் பெருகியிருப்பது தெரிந்தது. நான் ஒரு சுளை தின்று பார்த்தேன். முதல் வாய், கேஸ் கசிகிற அடுக்களையில் உட்கார்ந்து பால்கோவா தின்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது வாயில் கேஸ் மறைந்துவிட்டது.

கேஸ் என்று சும்மா சொல்லவில்லை. துரியனில் எத்தில் தயோல் இருக்கிறது. சமையல் எரிவாயுவில் கசிவு தெரிவதற்காகக் கலப்பதும் அதேதான். 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் கேஸ் கசிகிறது என்று சுமார் 500 பேரை வெளியேற்றினார்கள். முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய்த் தேடினால், ஓர் அலமாரியில் அழுகிய துரியன். எங்கள் வீட்டு எலிக்கதைதான், தலைகீழாக.

எரிவாயுவுக்கு நாற்றம் சேர்க்கும் வழக்கம் கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் உண்டு. 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அடியில் வாசனையற்ற எரிவாயு கசிந்து சேர்ந்து வெடித்தது. முந்நூறு பேரை ஒட்டிச் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது.

வகுப்பில் ஹைட்ரஜன் சல்ஃபைடு பாடம் வரும்போது பிள்ளைகள் சிரிக்க ஆரம்பிப்பார்கள். அழுகிய முட்டை, குசு என்று ஒரே கொண்டாட்டம். அதிகமாக அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றி ஒரு பச்சை வளையம் வருமே, அது வெள்ளைக் கருவிலிருந்து வந்த இந்த வாயு மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்தது என்று சொல்லி நானும் சிரிப்பேன். பிறகு அடுத்ததைச் சொல்வேன். இந்த வாயு துளி இருந்தாலே நாறும். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிடும். வாயு நிற்காது. அதைவிடச் சில மடங்கு கூடினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவான். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கியவர் என்று பேப்பரில் வரும் சாவுகள் பலவற்றில் நடப்பது இதுதான். கையால் அள்ளும் வேலைக்கு ஆள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பேப்பரில் செய்தி வருவது நிற்கவில்லை. அந்தப் பாடம் முடிந்து மணி அடிக்கும்போது வகுப்பு அமைதியாக இருக்கும்.

இப்போது எங்களுக்குச் சொந்த வீடு. மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் டப்பாவில் ஊரிலிருந்து கொண்டுவந்த சேனை ஒன்றை வைத்து, நாலு வருஷமாக வெட்டாமல் விட்டிருந்தேன். போன மே மாசம் மழை பெய்த வாரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு மொட்டு வந்தது. விரிந்த அன்று சாயங்காலம் எதிர்வீட்டு மதினி வாசலில் வந்து நின்றார். முகம் சுளித்திருந்தது. சுத்த சைவம்.

"டீச்சர், எங்கியோ எலி செத்துக் கெடக்கு போல. ஒங்க வீட்டுப் பக்கந்தான் அடிக்கி."

"எலி இல்ல மதினி. மேல வாங்க, காட்டுதேன்."

மாடிப்படியில் ஏற ஏற அவர் முந்தானையால் மூக்கை இறுக்கிக்கொண்டார். டப்பாவுக்குப் பக்கத்தில் போனதும் நின்றார். மடலையும் உருண்டையையும் உள்ளே ஊரும் வண்டுகளையும் பார்த்தார். "இதா? இது சேனையா? நாம திங்கிற சேனையா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் முந்தானையை எடுத்துவிட்டு மெதுவாகக் குனிந்து, ஒரு இழுப்பு இழுத்தார். சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டு "அய்யோ" என்றார். பிறகு மறுபடியும் குனிந்தார்.